யாருக்கும் சொல்லக்கூடாத எண்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நந்தகுமார் தன் மனைவியின் லேப்டாப்பில் அப்டேட்டை அழுத்திவிட்டு, ஊருக்கே தடுப்பூசி போட்டு முடித்தவன் மாதிரி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"எத்தனை மாசமா இதத் தள்ளிப் போட்டுட்டே இருக்க சாஹித்யா! செக்யூரிட்டியில காம்ப்ரமைஸே கூடாது" என்றான்.

சனிக்கிழமை காலையில் அந்த லேப்டாப் திறக்கவில்லை. செத்துப்போயிருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். நீலத் திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதில் வெள்ளை எழுத்தில் என்னவோ எழுதி வைத்துக்கொண்டு, வாசலில் நின்று உள்ளே விடமாட்டேன் என்கிற வாட்ச்மேனைப் போல நின்றது.

சாஹித்யா பேச்சுப் பயிற்சி தருகிறவள். ஹைதராபாத் ஹப்சிகுடாவில், அவர்கள் குடியிருந்த அடுக்ககத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் அவளுக்கு ஓர் அறை இருந்தது. பேச்சு வராத குழந்தைகளும், வந்தும் குழறுகிற குழந்தைகளும் அங்கே வருவார்கள். முதல் நாள் வந்தபோது ஒரு குழந்தை எப்படிப் பேசியது, ஆறு மாதம் கழித்து எப்படிப் பேசுகிறது என்று ஒவ்வொன்றின் குரலையும் அவள் பதிவு செய்து வைத்திருந்தாள். எல்லாம் அந்த லேப்டாப்பில்தான். குஷாய்குடாவிலிருந்து வருகிற தன்வி என்ற சிறுமிக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஓர் அறிக்கை கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அவளை மறுபடியும் கீழ் வகுப்பிலேயே உட்காரவைத்து விடுவோம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

நந்தகுமாருக்குப் பெரிய ஐடி கம்பெனியில் வேலை. சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட். அதாவது தீர்வுகளைக் கட்டி எழுப்புகிற சிற்பி. வீட்டில் குழாய் ஒழுகினால் கீழே போன் போட்டு ஆள் கூப்பிடுவான்; ஒழுகியது எந்தக் குழாய் என்பதை சாஹித்யாதான் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டைக்காரன். கல்யாணத்துக்குச் சில வருடங்கள் முன்னால்தான் ஹைதராபாத் வந்தவன். சாஹித்யாவின் குடும்பமோ வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத்துக்கு வந்து மாரெட்பள்ளியிலேயே வேர்விட்டது. அவள் தமிழில் ஆமாமுக்கு ஹவ், ஏனுக்குக் கைக்கு, வேண்டாமுக்கு நக்கோ என்று ஹைதராபாத் உருது சகஜமாகக் கலந்துகிடக்கும். அதை அவன் நண்பர்கள் முன்னால் கிண்டல் செய்வான். அவனுடைய தமிழில் பாதிக்கு மேல் இங்கிலீஷ் என்பது மட்டும் அவன் காதில் விழாது.

அந்தச் சனிக்கிழமை காலை அவன் பவர் பட்டனை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். பிறகு ஆழமாக யோசித்து, விடாமல் அழுத்தினான். சார்ஜரைப் பிடுங்கி, அது சொருகும் ஓட்டையில் வாய் வைத்து ஊதினான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். அங்கே வெளிச்சத்தில் திரை இன்னும் நீலமாகத் தெரிந்தது.

"மதர்போர்டா இருக்கலாம்" என்றான்.

"அப்டேட் அழுத்தினதும் மதர்போர்டு எப்படிப் போகும்?"

"உனக்கு அது புரியாது. ஒரு செகண்ட் ஒப்பீனியன் கேட்டுடறேன்."

செகண்ட் ஒப்பீனியனும் தேர்ட் ஒப்பீனியனும் பதினொரு மணி வாக்கில் ஒரே காரில் வந்து இறங்கின. ஒருவன் ராகவேந்திரா, ஓசூர்க்காரன், செயற்கை அறிவு பற்றிக் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிறவன். இன்னொருவன் முகமது யூசுப்; மேலப்பாளையம், நந்தகுமாரின் பள்ளித் தோழன், சைபர் செக்யூரிட்டியில் இருந்தான். மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்து லேப்டாப்பை நடுவில் டீப்பாயின் மேல் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்களைப் போல அதைப் பார்த்தார்கள். டீ கேட்டார்கள். சாஹித்யா டீ போட்டுக் கொடுத்தாள்.

ராகவேந்திரா தன் போனை எடுத்து அதனிடம் கேட்டான். அது வரிசையாகப் பத்து வழி சொன்னது. நம்பிக்கை வராமல் இன்னொரு செயலியிடம் கேட்டான். அது வேறு பத்து வழி சொன்னது. "பாத்தியா, ரெண்டும் வேற வேற ஆங்கிள்ல அப்ரோச் பண்ணுது" என்று மெச்சிக்கொண்டான். யூசுப் முதலில் வைஃபையை அணைக்கச் சொன்னான். வெளியிலிருந்து யாராவது உள்ளே புகுந்திருக்கலாமாம். பேச்சு வராத பிள்ளைகளின் குரலைத் திருட எந்த நாட்டு உளவாளி ஹப்சிகுடாவுக்கு வருவான் என்று சாஹித்யா கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. டீ ஆறிப்போகும் வரைக்கும் அவர்கள் பேசினார்கள். பழைய கம்பெனியில் ஒருமுறை சர்வர் விழுந்தபோது தாங்கள் எப்படித் தூக்கி நிறுத்தினோம் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். இங்கே விழுந்து கிடந்ததை ஒருவரும் தொடவில்லை.

கடைசியில் ராகவேந்திரா தீர்ப்புச் சொன்னான். "சிம்பிள். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம். பேக்கப் இருக்குல்லங்க?"

"இல்ல" என்றாள் சாஹித்யா.

கைக்குழந்தையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினவளைப் பார்ப்பது போல மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"பேக்கப் இல்லாம எப்படிங்க, இந்தக் காலத்துல?"

"புது வருஷத்தப்போ ஒருத்தர் சொன்னார். 'ஆட்டோமேட்டிக் பேக்கப் நானே செட் பண்ணித் தரேன், நீ கைய வெச்சு எதையும் கெடுத்துடாத'ன்னு. நானும் கைய வெக்கல."

நந்தகுமார் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தான்.

சாஹித்யா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, திரையில் இருந்ததைப் படித்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. காலையிலிருந்து அந்த எழுத்துக்கள் அங்கேயே இருந்தன. டிஸ்க் பூட்டியிருக்கிறது, திறக்க ஒரு ரெகவரி கீ வேண்டும், அந்தக் கீ இந்த லேப்டாப்பை முதலில் அமைத்தவரின் கணக்கில் பத்திரமாக இருக்கிறது, வேறொரு போனிலிருந்து இந்த முகவரிக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று, பால்காரனுக்குச் சீட்டு எழுதி வைத்த மாதிரித் தெளிவாக எழுதியிருந்தது. அவள் அதைச் சத்தமாக வாசித்தாள்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றான் நந்தகுமார்.

"கரெக்ட், அப்டேட் ஆனா சில சமயம் கீ கேக்கும். இது நார்மல் பிஹேவியர்தான்" என்றான் யூசுப், அதுவரை வைஃபையை அணைக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

லேப்டாப் அவள் சம்பாதித்து வாங்கியது. ஆனால் வாங்கிய அன்று பெட்டியைப் பிரித்து, "நீ தள்ளு, நான் பாத்துக்கறேன்" என்று அமைத்தவன் அவன். தன் கணக்கில்தான் அமைத்திருந்தான். அதுவும் இப்போதைய கணக்கில் இல்லை. காலேஜில் படித்தபோது தொடங்கிய பழைய மின்னஞ்சலில். நெல்லைப்புயல் நந்து என்று ஆரம்பிக்கும் அந்த முகவரியை நண்பர்கள் முன்னால் தட்டச்சு செய்யும்போது அவன் போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். ராகவேந்திரா எட்டிப் பார்த்துவிட்டான்.

"புயலா?"

"காலேஜ் டைம்டா, விடு."

புயலுக்குத் தன் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. பல தடவை தப்பாகப் போட்டு, கணக்கு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. பழைய போன் நம்பருக்கு ஓர் எண் அனுப்புகிறோம், அதைச் சொன்னால் திறந்துவிடுகிறோம் என்றது. அந்தப் பழைய நம்பர் எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. ஹைதராபாத் வந்தபோது புது சிம் வாங்கிக்கொண்டு, பழைய சிம்மை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான் அவன்.

அவன் அம்மா மங்கையர்க்கரசி, பாளையங்கோட்டையில் தனியாக இருந்தாள். மின்வாரியத்தில் வசூல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கரண்ட் பில் கட்டாமல் கதை சொல்ல வந்தவர்களை முப்பது வருடத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு, மனித இனத்தின் மேலேயே நம்பிக்கை போனவள். அதற்கு மேல், போன தையில் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் எவனோ அவருடைய தங்கை மகன் குரலிலேயே அழுது, ஓடிபி வாங்கி, கணக்கைத் துடைத்துவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து அவள் போனை எடுப்பதே வாசல் கதவைச் சங்கிலி போட்டுக்கொண்டு திறப்பது போலத்தான்.

நந்தகுமார் ஸ்பீக்கரில் போட்டான். நண்பர்கள் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டுமே!

"அம்மா! எப்படிம்மா இருக்கீங்க? சாப்ட்டீங்களா?"

மறுபக்கம் கொஞ்ச நேரம் மிக்ஸி ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"யாரு?"

"நான்தாம்மா, நந்து."

"எந்த நந்து?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? உங்க பையன். இப்ப உங்க போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும் பாருங்க. அதுல ஒரு நம்பர் இருக்கும்..."

"இருக்கு."

"அத மட்டும் சொல்லுங்கம்மா. என் தங்கம்ல."

"தங்கமா?" என்றாள் மங்கையர்க்கரசி. அந்த ஒரு வார்த்தையிலேயே வழக்கு முடிந்துவிட்டது என்று சாஹித்யாவுக்குத் தெரிந்தது. "ஏல, நீ யாருல? எம் மவன் என்னைய நீன்னுதான் சொல்லுவான், நீங்கன்னு சொல்லமாட்டான். சாப்ட்டியான்னு கேக்கமாட்டான். ஞாயித்துக்கெழம மத்தியானம் போன் போடுவான். 'ம்', 'சரி', 'அப்புறம்', இம்புட்டுதான் பேசுவான். இன்னைக்கு சனிக்கெழம. தங்கம்னு வேற சொல்லுத. வெவரம் தெரியாம பாடம் பண்ணிட்டு வந்துட்டியளா?"

யூசுப் இருமினான். ராகவேந்திரா டீ இல்லாத கோப்பையைக் குடித்தான்.

"எம்மா, நாந்தாம்மா!" நந்தகுமாருக்குப் பதற்றத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "அப்பா பேரு சிதம்பரநாதன். நம்ம தெரு..."

"அதெல்லாம் ஆதார்லயே இருக்கு. ஆதாரத்தான் ஊரு பூரா குடுத்தாச்சே. வேற சொல்லு."

"என்னம்மா சொல்லணும்?"

"எனக்குக் கண்ணுல ஆப்பரேசன் பண்ணாங்கல்லா? எந்தக் கண்ணு?"

இடது கண் என்று சாஹித்யாவுக்குத் தெரியும். சித்திரையில் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் அதை விலாவாரியாகச் சொன்னபோது ஸ்பீக்கர் போன் இதே டீப்பாயின் மேல்தான் இருந்தது. நந்தகுமார் லேப்டாப்பில் என்னவோ பார்த்துக்கொண்டு, "சூப்பர்ம்மா" என்றான். அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவள்தான் கேட்டாள். "நான் வரட்டுமா அத்தை?" என்று கூவினாள். "நீ வந்து என்ன செய்யப்போற, எனக்குப் பத்தியம் வடிக்கவா, பட்டினி போடவா?" என்று பதில் வந்தது. சரி என்று விட்டுவிட்டாள். போயிருக்கலாம். மாமியார் வேண்டாம் என்று சொன்னதை இறுகப் பிடித்துக்கொண்டு, போகாமலிருக்க ஒரு சாக்குக் கிடைத்தது என்று அப்போது மனசுக்குள் சந்தோஷப்பட்டவள்தான் அவளும்.

இப்போது அவள் ஒரு விரலை எடுத்து இடது கண்ணின் மேல் வைத்திருந்தால் போதும். நந்தகுமார் அவளைத்தான் பார்த்தான். அவள் காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள்.

"வலது கண்ணும்மா" என்றான் அவன். வாடிக்கையாளர் கூட்டங்களில், தெரியாததைச் சொல்லும்போது வருகிற அதே நிமிர்ந்த குரல்.

"போன வையில, கள்ளப்பயல" என்றாள் மங்கையர்க்கரசி.

அழைப்பு அறுந்தது. மூன்று பேரும் டீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மாவோட செக்யூரிட்டி அவேர்னஸ் வேற லெவல்டா" என்றான் யூசுப் மெதுவாக. தொழில் ரீதியாக அவன் அதை மெய்யாகவே பாராட்டினான்.

"அங்க சிக்னல் சரியில்ல" என்றான் நந்தகுமார்.

அவன் காதுமடல் சிவந்திருந்தது. சாஹித்யாவுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. ஆனால் அவன் உடனே, "நீ கொஞ்சம் பேசிப் பாரு. பொலைட்டா பேசு. உன் வழக்கமான ஸ்டைல்ல பேசிக் காரியத்தக் கெடுத்துடாத" என்றான். அந்தப் பாவம் வந்த வழியே போய்விட்டது.

அவள் தன் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"அத்தை, சாஹித்யா பேசறேன்."

"ஓ, அடுத்தது நீயா? உன் கொரலையும் செஞ்சு வச்சிருப்பானுவளே."

"செஞ்சு வெச்சிருந்தா இன்னும் நல்ல குரலா செஞ்சிருப்பாங்க. அத்தை, அந்த நம்பர் எனக்கு வேணும்."

"எதுக்கு? நீ யாருன்னே எனக்கு நிச்சயமா தெரியல. ஒங்க கல்யாணத்துல எந்தப் பந்தியில..."

சாஹித்யாவுக்குக் காலையிலிருந்து அடக்கிவைத்திருந்தது பொங்கிவிட்டது. "அத்தை, உங்க பிள்ளைக்கு எந்தக் கண்ணுன்னு தெரியலேன்னா அதுக்கு நான் பொறுப்பில்ல. இடது கண்ணு. சித்திரையில பண்ணாங்க. எனக்குத் தெரியும். பந்தி, சம்பந்தி எல்லாம் கைக்கு இப்போ? குடுக்கறதுன்னா குடுங்க. இல்லியா, நக்கோ. நீங்களே வெச்சுக்கோங்க!"

நந்தகுமார் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மறுபக்கத்திலிருந்து மங்கையர்க்கரசியின் குரல் வந்தது. அதில் ஏதோ ஒரு திருப்தி இருந்தது. "இது அவதான். ஏமாத்துதவன் இப்பிடி வெடுக்குனு பேசமாட்டான், அவனுக்குக் காரியம் ஆவணும்லா. அந்த நக்கோவையும் வேற எவ சொல்லப் போறா? சொல்லு, எதுக்குட்டி நம்பரு?"

சாஹித்யா நடந்ததைச் சொன்னாள். அப்டேட், பூட்டு, பிள்ளைகளின் குரல்கள், தன்வியின் அறிக்கை, திங்கட்கிழமை. அலங்காரமில்லாமல் சொன்னாள். நந்தகுமார் பெயர் வந்த இடங்களில் மாமியார், "ம்" என்றாள். அந்த "ம்" ஒவ்வொன்றும் ஓர் அபிப்பிராயம்.

"அந்தப் பிள்ள இப்ப பேசுதா?"

"நாலஞ்சு வார்த்தையா சேர்த்துப் பேசறா அத்தை. தெலுங்குலதான். வந்தப்போ தண்ணின்னு கூடச் சொல்லத் தெரியாம அழுவா."

"சரி, எழுதிக்கோ." கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு எண்ணாக, கரண்ட் மீட்டர் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நந்தகுமார் அதைப் போட்டான். நேரம் கடந்துவிட்டது, புதிதாக வாங்கு என்றது கணக்கு. மறுபடி அனுப்பச் சொன்னார்கள்.

"ஏட்டி, இப்ப இன்னொண்ணு வந்துருக்கு. ரெண்டுல எது அசலு?"

"கடைசியா வந்ததுதான் அத்தை. சீக்கிரம் படிங்க."

"என்னைய வெரட்டாத. தப்பாப் படிச்சா நீதான் என்னைய ஏசுவ" என்று சொல்லிவிட்டு, வேகமாகவே படித்தாள். படித்து முடித்ததும், நன்றி சொல்ல இடம் கொடுக்காமல் போனை வைத்துவிட்டாள்.

கணக்கு திறந்தது. ரெகவரி கீ அங்கே இருந்தது. ரயில்பெட்டிகள் மாதிரிக் கோத்துக் கோத்து நீளமாகப் போகிற எண்வரிசை. யூசுப் வாசிக்க, நந்தகுமார் லேப்டாப்பில் தட்டினான். தவறு என்றது. மறுபடி தட்டினான். மறுபடி தவறு. "கீயே கரப்ட் ஆயிருக்கும்" என்றான் ராகவேந்திரா. நந்தகுமார் நடுவில் ஒரு பெட்டியை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருப்பதை சாஹித்யா முதல் தடவையே பார்த்துவிட்டாள். இரண்டாம் தடவையும் விட்டதும், "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லி லேப்டாப்பை எடுத்துச் சாப்பாட்டு மேஜைக்குப் போய், தனியாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டினாள்.

நீலம் போனது. கொஞ்ச நேரம் கருப்பு. பிறகு அவளுடைய திரை வந்தது. கோப்புகள் வைத்தது வைத்தபடி இருந்தன. முதலில் அவள் தன்வியின் கோப்பைத் திறந்தாள். பழைய பதிவு ஒன்றைத் தட்டினாள். இரைச்சலுக்கு நடுவே ஒரு குழந்தை "நீ... நீ..." என்று திணறி, பிறகு தண்ணீருக்குத் தெலுங்கில் "நீள்ளு" என்று முழுசாகச் சொல்லிவிட்டு, தன் சாமர்த்தியத்தில் தானே சிரித்தது.

சோபாவில் மூன்று பேரும் கைதட்டி, கையோடு கை அடித்துக்கொண்டார்கள்.

"டீம் எஃபர்ட்!" என்றான் ராகவேந்திரா.

அவர்கள் பிரியாணி சாப்பிட வெளியே கிளம்பிப் போனார்கள். போகிற வழியிலேயே நந்தகுமார், நெருக்கடியில் நிதானமாக இருப்பது எப்படி என்று தன் தொழில் வட்டத்துக்கு ஒரு பதிவு எழுதிப் போட்டுவிட்டான். 'இன்று ஒரு முக்கியமான சிஸ்டத்தை மீட்டெடுத்தோம்' என்று அது தொடங்கியது. இருபது பேருக்கு மேல் அவன் தலைமைப் பண்பைப் பாராட்டியிருந்தார்கள். பாராட்டியவர்களில் முதல் ஆள் ராகவேந்திரா.

வீட்டில் சாஹித்யா எல்லாக் கோப்புகளையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்தாள். பிறகு தன் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, லேப்டாப்பை அதற்கு மாற்றி, அவன் கணக்கை நீக்கினாள். ஒரு டீ போட்டுக் குடிக்கிற நேரம்தான் ஆனது. இத்தனை வருடமாக இதை ஏன் செய்யவில்லை என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவன் அதிமேதாவி என்று அவள் ஒருநாளும் நம்பியதில்லை. ஆனாலும் விட்டுவைத்திருந்தாள். ஏதாவது கெட்டுப்போனால் குற்றம் சொல்ல ஓர் ஆள் வீட்டில் இருப்பது அவளுக்கும் சௌகரியமாகத்தான் இருந்திருக்கிறது.

புதுக் கணக்கு, அவசரத்துக்கு இன்னொரு போன் நம்பர் கேட்டது. அவள் மாமியாரின் நம்பரைப் போட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்த நந்தகுமார் அதைப் பார்த்துவிட்டான்.

"என் நம்பரப் போட்டிருக்கலாமே?"

"உங்ககிட்ட எவன் தங்கம்னு சொல்லிக் கேட்டாலும் குடுத்துடுவீங்க."

அறிக்கையை அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதி முடித்தாள். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் நந்தகுமார் வழக்கம்போல அம்மாவுக்குப் போன் போட்டான். மணி அடிக்கவில்லை. மறுபடி போட்டான். பால்கனிக்குப் போய்ப் போட்டான். செய்தி அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நின்றது.

"அம்மா என்னை பிளாக் பண்ணிட்டாங்க போல" என்றான். சொல்லும்போது சிரிக்கத்தான் முயன்றான். "நேத்து நான் ஃபிராடுன்னு நெனச்சு... நீ கூப்பிட்டு எடுக்கச் சொல்லு."

சாஹித்யா படுக்கையறைக்குப் போய்க் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போடவில்லை.

"அத்தை, அவர் நம்பர பிளாக் பண்ணிட்டீங்களாமே. நேத்து பேசினது அவர்தான்."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"எடுத்த ஒடனே தெரியும். பெத்த பிள்ள கொரலு தெரியாதா ஒருத்திக்கு?" மங்கையர்க்கரசி குரலை உயர்த்தவே இல்லை. "கண்ணக் கேட்டேன்லா, அது வரைக்கும் வெளையாட்டாத்தான் கேட்டேன். தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

அந்தப் பதிலைத்தான் சாஹித்யா நேற்று கோப்பைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

"அவர்கிட்ட என்னன்னு சொல்லட்டும் அத்தை?"

"பிளாக்கு போட எதிர்வீட்டு வாத்தியார் சொல்லிக் குடுத்தாரு, எடுக்க எனக்குத் தெரியலன்னு சொல்லு. கம்ப்யூட்டர் படிச்சவன்லா, வந்து எடுத்துக் குடுக்கட்டும்."

அவள் வெளியே வந்து, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னாள்.

"அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் போகணும்? செட்டிங்ஸ்ல போனா ரெண்டே ஸ்டெப்தான். நான் ஒரு வீடியோ எடுத்து அனுப்பிடறேன்."

"அனுப்புங்க. எந்த நம்பர்லேர்ந்து அனுப்புவீங்க?"

உன் போனிலிருந்து அனுப்பு என்று நந்தகுமார் சொல்லியிருக்கலாம். அது அவனுக்குத் தோன்றாமலும் இல்லை. முகத்தில் ஒரு கணம் அது வந்துபோனது. ஏனோ சொல்லவில்லை.

உடனே ஒன்றும் கிளம்பிவிடவில்லை அவன். ஆபீஸில் ஒரு ரிலீஸ் முடியட்டும் என்றான், பிறகு இன்னொன்று என்றான். ஆடி பிறந்து ஒரு வாரம் கழித்து, இரண்டு நாள் லீவில் திருநெல்வேலிக்கு ரயிலேறினான். ஆபீஸ் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போனான். அவன் திரும்புகிற அன்று மாமியாரே சாஹித்யாவைக் கூப்பிட்டாள்.

"வந்தான். ஒரு நாப் பூரா வாசப்பக்கத்து ரூம்ல கதவடச்சிட்டு எவன்ட்டயோ இங்கிலீசுல பேசிட்டே இருந்தான். மறுநாளு போன எடுத்து என்னவோ அமுக்கினான். பிளாக்கு போயிட்டு."

"கண்ணப் பத்திக் கேட்டாரா அத்தை?"

"கேட்டான். எங்கிட்ட இல்ல, எதிர்வீட்டு வாத்தியார்ட்ட போயிக் கேட்டிருக்கான், எந்தக் கண்ணுன்னு. அவரு வந்து எங்கிட்ட சொல்லிச் சிரிச்சாரு." அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அடுத்த கண்ணுக்கு ஐப்பசியில நாள் குடுத்துருக்காங்க. லீவு போட்டுட்டு வாரேன்னு சொல்லிருக்கான். பாப்போம்."

"நானும் வரேன் அத்தை. பத்தியம் நீங்களே சொல்லிக் குடுங்க."

"நீயா?" என்றாள் மங்கையர்க்கரசி. வழக்கமான ஏளனம்தான். ஆனால் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சாஹித்யா மறுநாள் காலையிலேயே ஐப்பசிக்கு இரண்டு டிக்கெட் போட்டாள்.